ஆடியில் இலுப்பைப் பூ

வரக்கூடாத மாதத்தில், வரக்கூடாத பாதைக்கு, ஒரு கரடியை நான் வரவழைத்தேன். அதனால் கன்னியம்மா என்ற பெண்ணுக்கு இடது கண் போயிற்று. அது ஏன் அங்கே வந்தது என்று அவள் என்னைக் கேட்டபோது, தெரியவில்லை என்று சொன்னேன். ஏழு ஆண்டுகள் அந்தப் பதிலை நான் மாற்றவில்லை.

பயிற்சி முடித்து, அடுத்த மாதம் முதல் ஆட்களைக் காட்டுக்குள் அழைத்துப் போகப்போகிற உங்களுக்காகப் பருவங்களைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எந்த மரம் எப்போது பூக்கும், எந்தப் பறவை எப்போது வரும் என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. என்னைவிடச் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். அதில் இல்லாதது ஒன்று உண்டு. ஆவலோடு வந்து நிற்கும் கூட்டத்தின் முன்னால் நின்று, 'இன்றைக்கு இல்லை' என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதுதான் அது. அதைச் சொல்ல முடியாமல்தான் நான் கெட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில் ஒடுகத்தூரில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்தேன். சென்னையில் தாவரவியல் படித்து, பத்துப் பதினைந்து வருடம் அங்கேயே பாடம் நடத்திவிட்டு வந்தவன். பாடப்புத்தகத்தில் நான்கு பருவங்களுக்கு நான்கு படங்கள் இருந்தன. பனிக்காலப் படத்தில் கூரைமேல் வெள்ளையாகக் குவிந்து கிடந்ததைக் காட்டி, "இன்னா சார் இது, சுண்ணாம்பா?" என்று ஒருவன் கேட்டான். ஆம்பூர் டேனரிகளுக்குத் தோல் ஊறவைக்கச் சுண்ணாம்பு வண்டி வண்டியாகப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். நான் சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே வகுப்பை மலையடிவாரத்துக்கு நடத்திக்கொண்டு போனேன்.

அப்படித் தொடங்கியது பருவ நடை. சித்திரையில் சரக்கொன்றை, ஆடியில் காற்றும் ஈசலும், ஐப்பசியில் ஓடை, தை மாசியில் கடுக்காய், பங்குனியில் இலுப்பை. இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரியவர்களும் வர ஆரம்பித்தார்கள். வேலூரிலிருந்து நர்சுகள், ஆம்பூர் டேனரி குமாஸ்தாக்கள், குடியாத்தத்திலிருந்து குடும்பத்தோடு வரும் தறிக்காரர்கள். காலை பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். மூன்று மைல் நடந்தால் மலையடிவாரத்தில் இருபது வீடுகள். அதற்குமேல் காடு.

அந்த இருபது வீட்டு ஆட்களும் ஆவாரம்பட்டை உரிப்பவர்கள். தோலைப் பதப்படுத்த டேனரிக்கு அந்தப் பட்டை வேண்டும். ஆடி மழை பெய்தால் செடியில் நீரோட்டம் ஏறும். கிளையை வெட்டி, கட்டையால் தட்டினால் பட்டை கழன்று வரும். ஆனால் மழை பெய்துவிட்டது என்பதற்காக யாரும் கத்தியைத் தூக்க மாட்டார்கள். ஆடிக் கடைசியில் கன்னிமார் கற்களுக்கு முன்னால் பொங்கல் வைப்பார்கள். பிறகு ஒருவர் மட்டும் முதல் கிளையை வெட்டுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கத்தி ஆவாரத்தின்மேல் படலாம். முதல் வெட்டு வெட்டுகிற கை கன்னியம்மாவின் கை. அவள் வெட்டினால் அந்த வருடம் பட்டை கிழியாமல் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. வயது முப்பதுகூட இருக்காது. அந்த உரிமை அவளுக்கு ஒரு நகையைப் போல. அந்த வாரம் முழுவதும் அவள் நடையே வேறாக இருக்கும்.

காட்டைப் பற்றி நான் கூட்டத்துக்குச் சொன்னதில் பாதி அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. செடிகளின் லத்தீன் பெயர் மட்டும் என்னுடையது. அதையும் அப்போது நான் யாரிடமும் சொன்னதில்லை.

தப்பு சின்னதாகத்தான் ஆரம்பித்தது. ஒருமுறை என் வீட்டுக் கொல்லையில் முழு நீளத்துக்குப் பாம்புச் சட்டை ஒன்று கிடைத்தது. மறுநாள் ஒரு கூட்டம் வருவதாக இருந்தது. போகிற வழியில் அதை ஒரு காரைச் செடிமேல் போட்டுவைத்தேன். அவர்கள் அதைக் 'கண்டுபிடித்து' ஆர்ப்பரித்தார்கள். அந்த மகிழ்ச்சி எனக்குப் பிடித்துவிட்டது. சட்டையை எடுத்துப் பத்திரப்படுத்தி அடுத்த கூட்டத்துக்கும் போட்டேன். அதற்கடுத்ததற்கும்.

ரஹீம் பாய்தான் அதைக் கவனித்தவர். ஆம்பூர் டேனரி ஒன்றுக்குப் பட்டை வாங்கித் தருபவர் அவர். வாரத்துக்கு ஒருமுறை லாரியோடு வந்து கட்டுகளை ஏற்றிக்கொண்டு போவார். சும்மா இருக்கிற நாளில் எங்களோடு நடப்பார்.

"வாத்தியாரே, ஒரு டவுட்டு."

"சொல்லுங்க பாய்."

"இந்தப் பாம்பு வருசா வருசம் இதே செடிக்கு வந்துதான் சட்டைய கழட்டுமா? தையக்காரன் கடை இங்கதான் இருக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

ஓடைக்கரையில் சப்பையான பாறை ஒன்றும், அதை ஒட்டி மூன்று இலுப்பை மரங்களும் இருந்தன. பங்குனி, சித்திரையில் விடியற்காலம் பூ கொட்டும். அந்தப் பூவைத் தின்னக் கரடி வரும். பட்டை உரிக்கப் போகும் பாதை அந்தப் பாறையடியில்தான் போகிறது. ஆகவே அந்த இரண்டு மாதங்களில் வெயில் ஏறும்வரை யாரும் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். மற்ற மாதங்களில் அது எல்லோருக்கும் உரிய பாதை. இந்த ஏற்பாடு எந்தக் காகிதத்திலும் இல்லை. கரடிக்கும் தெரியும், மனிதர்களுக்கும் தெரியும்.

ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு மேட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு பங்குனிக் காலையில் வேலூர் நர்சுகளுக்கு ஒரு கரடியைக் காட்டினேன். அது நேர்மையான கரடி. தானாக வந்தது. அதன்பிறகு எனக்குக் 'கரடி வாத்தியார்' என்றே பெயர் வந்துவிட்டது. பஸ் கண்டக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். எனக்கு அதில் பெருமை.

ஐம்பதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். ரஹீம் பாய் வந்து சொன்னார், டேனரி முதலாளியின் விருந்தாளிகள் சென்னையிலிருந்து வருகிறார்கள், கரடி பார்க்க வேண்டுமாம்.

"ஆடில கரடி அங்க வராது பாய். கரையான் புத்தைத் தோண்டிக்கிட்டு மேல எங்கயாவது இருக்கும்."

"கரடிக்கு ஆடி ஆவணியெல்லாம் தெரியுமா வாத்தியாரே? முதலாளி எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சுட்டாரு. வரலன்னா 'வாத்தியாரு கரடி வுடறாரு'ன்னு அவங்க சிரிப்பாங்க. எனக்கும் பேஜார்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். டேனரியில் ஒரு பழைய வேன் சும்மா நிற்கிறது. விருந்தாளிகள் சந்தோஷமாகத் திரும்பினால் அதைப் பள்ளிக்கூடத்துக்கு மாதம் இரண்டு முறை விடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார்.

அந்த வேன் எனக்கு வேண்டியிருந்தது. அதுவரை பெண் பிள்ளைகள் ஒருத்திகூட நடைக்கு வந்ததில்லை. மூன்று மைல் நடத்தி அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்கவில்லை. வண்டி இருந்தால் அனுப்புவோம் என்றார்கள். இதை நான் சமாதானமாகச் சொல்லவில்லை. பெண் பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. யாரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிடக்கூடாது என்பது மற்ற பாதி.

கன்னியம்மா வீட்டுப் பானையில் பங்குனியில் பொறுக்கிக் காயவைத்த இலுப்பைப் பூ இருக்கும். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். ஒரு முறம் நிறைய அள்ளித் துணியில் கட்டிக் கொடுத்தாள். "பாடத்துக்கா சார்? இன்னும் வேணும்னா வாங்கிக்கினு போங்க" என்றாள். ரஹீம் பாயிடம் ஆம்பூரிலிருந்து இரண்டு வீசை வெல்லம் வாங்கிவரச் சொன்னேன். "பாயாசமா வாத்தியாரே? எங்கள கூப்பிடாம?" என்று கேட்டுக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தார்.

எட்டு நாள். பள்ளி விட்டதும் சைக்கிளில் போய், வெல்லத்தைக் கரைத்து, பூவை அதில் ஊறவைத்து, பாறையடியில் ஊற்றிவிட்டு வருவேன். நான்காம் நாள் மண்ணில் நகக்கீறல் இருந்தது. எட்டாம் நாள் மாலை ஐந்து மணிக்கு விருந்தாளிகளோடு மேட்டில் உட்கார்ந்திருந்தோம். கரடி வந்தது. கைதட்டாதீர்கள் என்று சொல்லியும் தட்டினார்கள்.

"ஆடி மாசத்துல கரடி வரும்னு எப்படி சார் அவ்வளவு கரெக்டா சொன்னீங்க?" என்று அவர்களில் ஒரு அம்மாள் கேட்டார்.

"பழக்கம்தான்" என்றேன்.

வேன் கிடைத்தது. மறுநாள் முதல் வெல்லம் ஊற்றுவதை நிறுத்தினேன். நிறுத்தியதோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் மறந்துவிட்டேன், ஆகவே கரடியும் மறந்துவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. பட்டை இப்போதே கழலுகிறதா என்று பார்க்க, பூசைக்குப் பத்து நாள் இருக்கும்போது கன்னியம்மா நான்கு கிளைகளை வெட்டித் தட்டிப் பார்த்தாள். அதைச் சிலர் பார்த்தார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூசை நடந்தது. முதல் வெட்டும் அவளே வெட்டினாள். ஆவணி பிறந்து முதல் நாள் வேலைக்குப் போகும்போது, விடிந்தும் விடியாமலும், எல்லோருக்கும் முன்னால் அவள் நடந்தாள். பாறையடியில் கரடி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்தவர்கள் கத்திக் கூச்சலிட்டு, கட்டையால் தட்டி விரட்டினார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்த வருடத்துப் பட்டைக்கு விலை பேச விடியுமுன்பே கிளம்பிய ரஹீம் பாயோடு நானும் லாரியில் வந்திருந்தேன். ஆள் ஓடி வந்து சொன்னதும் லாரியைக் காட்டு விளிம்புவரை கொண்டுபோனோம். அவளைத் தூக்கிவரப் போனபோது பாறையடியைப் பார்த்தேன். நான் ஊற்றிய இடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி.

ரஹீம் பாய் ஓட்ட, முன்சீட்டில் வேலூர்வரை அவள் தலை என் மடியில் இருந்தது. என் துண்டை மடித்து அவள் கண்மேல் அழுத்திப் பிடித்திருந்தேன். காலடியில் கணவன் முனுசாமி உட்கார்ந்திருந்தான். பள்ளிகொண்டா தாண்டும்போது அவளுக்கு நினைவு வந்தது. அழவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

"சார், இது பூ காலமில்லியே. அது ஏன் சார் அங்க இருந்துது?"

உங்களுக்கும் இப்படி ஒரு நொடி வரும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது என்று நினைக்கிறீர்கள். எனக்கு நேரம் இருந்தது. பதிலும் தெரிந்திருந்தது. முனுசாமி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலம்மா" என்றேன்.

உயிர் பிழைத்தாள். கண் போயிற்று. கன்னத்திலிருந்து தாடைவரை தழும்பு. அவள் ஊர் திரும்புவதற்குள் ஊர் வேறொரு காரணத்தைக் கண்டுபிடித்திருந்தது. பூசைக்கு முன்னால் கத்தி வைத்தாள் அல்லவா? அந்த நான்கு கிளைகள். கன்னிமார் கோபம். அந்த மாதத்தில், அந்த இடத்தில் கரடி இருந்ததற்கு வேறு காரணம் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவன் வாயைத் திறக்கவில்லை.

முதல் வெட்டு அவளிடமிருந்து போயிற்று. முனுசாமியின் அண்ணி அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டாள். கன்னியம்மா காட்டுக்குப் போவதையே விட்டுவிட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. தன்மேல்தான் தப்பு என்று அவளே நம்பினாள்.

நான் என்ன செய்தேன்? அரிசி அனுப்பினேன். அவள் மகள் செல்விக்குப் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தேன். சட்டை, புத்தகம், எல்லாம். வாத்தியார் நல்ல மனசுக்காரர் என்றார்கள். ஒன்றைச் செய்யாமலிருக்க மற்ற எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தேன். வேனில் பெண் பிள்ளைகள் வந்தார்கள், பாடிக்கொண்டே வந்தார்கள். நான் பாறைப் பக்கம் போகாமல் வேறு வழியாக அழைத்துப் போனேன்.

ஏழாவது வருடம், செல்வி என் வகுப்புக்கு வந்தாள். 'உங்கள் ஊர் விலங்கு ஒன்று எந்தப் பருவத்தில் எங்கே இருக்கும்? எழுதுக' என்று வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். சிவப்பு மையை வைத்துக்கொண்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தபோது அவளுடையது வந்தது.

'கரடி பங்குனி, சித்திரையில் இலுப்பைப் பூ தின்னப் பாறைக்கு வரும். மற்ற மாதங்களில் வராது. யாராவது பூசைக்கு முன்னால் ஆவாரம் வெட்டினால் ஆவணியிலும் வரும்.'

யாராவது. அம்மா என்று எழுதவில்லை அவள்.

முதல் இரண்டு வரிகளும் சரி. மூன்றாவது வரிக்குச் சரி போட என்னால் முடியவில்லை. தப்பு போட்டால் ஏன் தப்பு என்று சொல்லவேண்டும். நோட்டை மூடிவைத்தேன். மறுநாள் எல்லோருக்கும் நோட்டைக் கொடுத்துவிட்டு, "உன்னோடது நாளைக்கு" என்றேன். "தப்பா எழுதிட்டேனா சார்?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன்.

கன்னியம்மா முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். முனுசாமி கட்டில் கயிறு இழுத்துக்கட்டிக்கொண்டிருந்தான். செல்வியை உள்ளே அனுப்பச் சொன்னேன். "அவளும் இருக்கட்டும் சார், இஸ்கூலு விசயம்தானே" என்றாள்.

"இஸ்கூலு விஷயம் இல்ல. கன்னியம்மா, லாரில நீ என்கிட்ட ஒண்ணு கேட்ட. ஞாபகம் இருக்குதா?"

"உசுரு நிக்குமான்னு கேட்டிருப்பேன்."

"கரடி ஏன் அங்க இருந்துதுன்னு கேட்ட. தெரியலன்னு சொன்னேன். அது பொய். எனக்குத் தெரியும்."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் முடித்தபிறகு அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் கேட்பதுபோல.

"எத்தினி நாளு?"

"எட்டு நாள்."

"வெல்லம் கட்டியாவா, கரைச்சா?"

"கரைச்சு."

"கரைச்சா மண்ணுல எறங்கிடும். ஒவ்வொரு மழைக்கும் வாசன மேல வரும். நீங்க நிறுத்தினா அது நிறுத்துமா? தோண்டிக்கினே இருக்கும்." ஒரு கடலையை உடைத்துவிட்டு, "பூவுக்கு எங்க போனீங்க? ஆடில ஏது பூ?"

"நீ குடுத்ததுதான். பாடத்துக்குன்னு வாங்கிட்டுப் போனேன்."

அவள் நல்ல கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப அந்த நாலு கிளை?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

முனுசாமிதான் முதலில் பேசினான். "எங்கம்மா ஏழு வருசமா தனி அடுப்பு வெச்சிருக்குது சார். இவ கையால தண்ணி வாங்காது. நா ஒரு வார்த்த கேக்கல. ஒரு வார்த்த." அதை என்னிடம் சொல்லவில்லை, கட்டில் கயிற்றிடம் சொன்னான்.

கன்னியம்மா என்னைப் பார்த்தாள். அதுவரை 'நீங்க' என்றவள் 'நீ' என்றாள்.

"எம்பொண்ணுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். அம்மா மாதிரி அவசரக்குடுக்கையா இருக்காதடி, அம்மா தப்பு பண்ணா, அம்மாவுக்கு கண்ணு போச்சுன்னு. என் வாயால நானே. ஏழு வருசம் நீ என் வீட்டுக்கு அரிசி அனுப்பிக்கினு இருந்த."

கையிலிருந்த கடலையைக் கீழே போட்டாள்.

"இப்ப எங்கிட்ட சொல்லிட்ட, உனக்கு பாரம் எறங்கிடுச்சு. எனக்கு இன்னா? பூசைக்கு வா. எல்லார் முன்னாடியும் சொல்லு. அதோட ஆவாது. நீ ஜனங்கள கூட்டினு வரியே, ஒவ்வொரு வாட்டியும் அந்தப் பாறைகிட்ட நின்னு சொல்லணும். பூவு எப்படி வந்துச்சு, கரடி எப்படி வந்துச்சு, எல்லாம். லாரில சொன்னதையும் சொல்லணும்."

"சொல்றேன்."

"செல்வி, சாருக்கு தண்ணி குடு."

அன்றே செல்வியின் நோட்டைக் கொடுத்தேன். மூன்றாவது வரிக்குக் கீழே எழுதியிருந்தேன்: 'இது தவறு. தவறு உன்னுடையதோ உன் அம்மாவுடையதோ அல்ல. உன் ஆசிரியருடையது.' அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டு நோட்டை அம்மாவிடம் கொண்டுபோனாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

ஆடிக் கடைசியில் பூசை. பொங்கல் பொங்கியபிறகு முன்னால் போய் நின்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் சிரித்தார். "வாத்தியாரு பாவம், அவள காப்பாத்த கத கட்றாரு. கரடி வாத்தியாராச்சே." கூட்டமும் சிரித்தது. பாம்புச் சட்டை நினைவிருக்கிறதல்லவா? ரஹீம் பாயின் கேலி ஊருக்கும் எட்டியிருந்தது. பொய்யால் பெயர் வாங்கியவன் ஒரு நாள் உண்மையோடு நிற்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

லாரியில் சாய்ந்து நின்றிருந்த ரஹீம் பாய் முன்னால் வந்தார். அவரிடம் நான் ஒன்றும் சொல்லி வைத்திருக்கவில்லை.

"வாத்தியாரு சொல்றது நெசம். வெல்லம் நாந்தான் வாங்கியாந்தேன். ரெண்டு வீசை, ஆம்பூர் பஜார்ல. பாயாசமான்னு கேட்டேன். இவரு சிரிச்சாரு." கன்னியம்மா பக்கம் திரும்பினார். "லாரில அந்தப் பொண்ணு கேட்டப்ப ஸ்டேரிங்குல இருந்தது நானு. எனக்கு அப்பவே சந்தேகம். நானும் கேக்கல."

சிரிப்பு நின்றது. முனுசாமியின் தாய் எழுந்து வந்து, மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணி கையிலிருந்த கத்தியைக் கன்னியம்மாவிடம் நீட்டினாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருசம் நீயே வெட்டுக்கா" என்றாள் கன்னியம்மா. "ஏழு வருசமா கை நடுங்குது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் வெட்டினாள். பட்டை கிழியாமல் வந்ததா என்று கேட்காதீர்கள். சில கிளையில் கிழிந்தது, சில கிளையில் கிழியவில்லை. எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஆம்பூர் போய் முதலாளியிடமும் சொன்னேன். முடிந்துபோனதை எதற்குக் கிளறுகிறீர்கள் என்றார். மறுமாதம் வேன் வரவில்லை. ரிப்பேர் என்று ஆள் அனுப்பினார்கள். பெண் பிள்ளைகளின் நடை அதோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். செல்வி போய் வீட்டில் சொல்லியிருக்கிறாள். அடுத்த சனிக்கிழமை காலை பள்ளி வாசலில் கன்னியம்மா நின்றிருந்தாள். "எத்தினி புள்ளைங்க? நா முன்னாடி நடக்கறேன், நீ பின்னாடி வா. எந்த வீட்டுல வுட மாட்டேன்றாங்களோ அங்க நா போய் பேசறேன்." போய்ப் பேசினாள். பதினொரு பிள்ளைகள் நடந்தார்கள். அடுத்த மாதம் பத்தொன்பது.

பெரியவர்களின் நடையிலும் பாறையடியில் நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. "ஜாலியா வந்தா இதெல்லாம் எதுக்கு சார், பேஜாரா இருக்குது" என்று ஒருவர் சொன்னார். கூட்டம் குறைந்தது. பிறகு வேறு ஆட்கள் வந்தார்கள். கன்னியம்மா சில நாள் கூட்டத்தின் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள், நான் ஒழுங்காகச் சொல்கிறேனா என்று பார்க்க. வேகமாக முடிக்கப் பார்த்தால் பின்னாலிருந்து குரல் வரும்.

"லாரி, சார்!"

திரும்ப வந்து லாரியைச் சொல்வேன்.

போகப் போக அவள் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். எந்தப் பாதை, எந்த நேரம், எங்கே உட்கார வேண்டும், எல்லாம் அவள் சொல்வதுதான். யாராவது ஏதாவது வரும் என்று எதிர்பார்த்து நின்றால், "இன்னிக்கி இல்ல" என்று சொல்லிவிட்டு நடப்பாள். அவ்வளவு சுலபமாக. அந்த இரண்டு சொற்களைச் சொல்ல எனக்குப் பதினைந்து வருடம் பிடித்தது.

அறுபதுகளின் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். கடைசி நடை ஒரு பங்குனி மாதம். விடியற்காலம் மேட்டில் உட்கார்ந்திருந்தோம். நர்சுகள் சிலர், பள்ளிப் பிள்ளைகள், ஒரு குடும்பம். எதிரே பாறை. வழக்கம்போல் எழுந்து சொல்லத் தொடங்கினேன்.

"ஒக்காரு சார்" என்றாள் கன்னியம்மா. "இன்னிக்கி நா சொல்றேன்."

சொன்னாள். முறத்தில் அள்ளிக் கொடுத்த பூ, வெல்லம், எட்டு நாள், நான்கு கிளை, ஆவணிக் காலை. என்னைவிட நன்றாகச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. லாரி வந்தது.

"கரடி ஏன் அங்க இருந்துதுன்னு சார கேட்டேன். தெரியலன்னு சொன்னாரு. தெரிஞ்சிக்கினே சொன்னாரு." என் பக்கம் கையைக் காட்டினாள். "ஆனா வேலூர் வர்ற வரைக்கும் என் கண்ணு மேல வெச்ச துண்ட எடுக்கல. அத இவரு உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்ல. அதனால நா சொல்றேன்."

நான் தலை நிமிரவில்லை.

கூட்டத்தில் ஒரு சிறுமி கேட்டாள். "இன்னிக்கி கரடி வருமா ஆயா?"

"ஆயாவா! எனக்கு அம்புட்டு வயசாயிடுச்சா?" என்றாள். பிறகு அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "வந்தா வரும். வரலன்னா பூவ பாரு."

வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தோம். அன்றைக்குக் கரடி வரவில்லை. மூன்று மரத்திலும் பூ மட்டும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.